நாலு விரல் மருந்து

புருசெத், ஒஸ்லோ
20.08.2006

அன்பு மச்சான் அருட்பிரகாசம்,

மடு மாதா புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளை மிதுனாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கனடா முத்திரையைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். பதினாலு வருடம் மச்சான்! நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு ஒரே அறையில் நாலு வருடம் கிடந்தோம். தொண்ணூற்றிரண்டில் நீ கனடாவுக்கு விமானம் ஏறினாய், நான் ஒஸ்லோவுக்கு வந்தேன். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஆனாலும் ஒருவருக்கொருவர் எழுதாமலே இருந்துவிட்டோம். இப்போது எழுதுகிறாய், அதிலும் சுகமா என்ற ஒரு சொல் இல்லை. நான் இங்கே எல்க் மான் வேட்டைக்குப் போவதாக ஒரு கலியாண வீட்டில் கேள்விப்பட்டாயாம், உனக்குக் குழல்வாயால் வெடிமருந்து போடுகிற துவக்கு ஒன்று வேண்டுமாம், எது நல்லதென்று சொல்லட்டாம். உன் குணம் கடல் கடந்தும் மாறவில்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்முடைய பக்கத்தில் பன்றி சுட வைத்திருந்த, மருந்தை இடித்து நிரப்புகிற இடியன் துவக்கையா இந்தக் காலத்தில் கனடாவில் விற்கிறார்கள் என்று யோசித்தேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தேன். உன் பக்கத்தில் நவம்பரில் ஒரு கிழமைதான் மான் வேட்டை, அந்தக் கிழமையில் றைபிளுக்கு அனுமதி இல்லை, சொட்கன் அல்லது இது, இரண்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறாய். வேலையிடத்துக் கூட்டாளிகள் சேர்ந்து போகிறார்கள், உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம். கூப்பிடுகிறவர்கள் இருக்கும்போது போய்விட வேண்டும்.

நான் வேட்டைக்குப் போனதும் அப்படித்தான். அல்னபுருவில் மரக்கறிக் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். என்னோடு ஒட்வார் என்று ஒரு நோர்வேக்காரன். கொங்ஸ்விங்கர் பக்கத்தில் அவனுடைய குடும்பத்துக்குக் காடு இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னர் ஒருநாள், அவர்களுடைய குழுவில் ஒரு கிழவர் செத்துப்போனார், ஓர் இடம் வெற்றாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டான். வேட்டைப் பரீட்சை எழுதினேன், வருடா வருடம் அட்டை மானுக்கு ஐந்து வெடி வைத்துச் சித்தியடைகிறேன். இங்கே வேட்டைக்குப் புறப்படுகிறவனைப் பார்த்து, நாறின வேட்டை அமையட்டும் என்றுதான் வாழ்த்துவார்கள். நல்லாய் அமையட்டும் என்றால் ராசியில்லையாம். முதல் வருடம் அதைக் கேட்டுவிட்டு ஒட்வாரோடு ஒரு நாள் முழுக்க நான் கதைக்கவில்லை.

வேட்டை என்றால் நீ நினைக்கிற மாதிரி ஓட்டமும் சத்தமும் இல்லை. ஒவ்வொருவரையும் ஒவ்வோர் இடத்தில் இருத்திவிட்டுப் போய்விடுவார்கள். காலை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் மரத்தோடு மரமாய் இருக்க வேண்டும். காதில் ஒரு ரேடியோ. அதில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நாலாம் இடம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அதில் சத்தம் வரும்போது எனக்கு ஒரு சந்தோசம்.

இனி உன் துவக்கு. இன்லைன் என்று நீ எழுதியது என்னவென்று விசாரித்தேன். பழையதில் தீ பக்கவாட்டில் இருந்து மருந்துக்குப் போகும், மழையென்றால் புஸ்ஸென்று அணைந்துவிடும். இதில் தீப்பொறி தருகிற கேப் மருந்துக்கு நேர் பின்னால் இருக்கிறது, அடித்தவுடன் தீ நேரே போகும். எல்க் சுட இதை இங்கே விடமாட்டார்கள், அதனால் நகரத்துக் கடைக்காரனிடம் கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தான். இருந்தாலும் விடமாட்டேன்.

எது நல்லதென்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. உன் கை நீளம் என்ன? இப்போதும் வலத்தோளா? முழங்கால் எப்படி, குந்துவாயா? எத்தனை யார் தூரத்தில் மான் நிற்கும்? இதற்கெல்லாம் பதில் எழுது. தொலைபேசி எடுப்பேன், ஆனால் ஷெல் விழுந்து கெட்ட உன் காதுக்கு நான் கத்தினால் மேல்மாடி மனுசி வந்து கதவைத் தட்டுவாள்.

அருள்ராணி லண்டனில் எங்கள் மகள் மேரினோடு நிற்கிறாள். பேரப்பிள்ளை பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று போனவள். நத்தார்ப் பண்டிகைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவசரப்படாதே. ஆறுதலாக எழுது.

உன் பதிலை எதிர்பார்த்து,
செபஸ்ரியன்


புருசெத்
24.09.2006

அன்பின் மச்சானுக்கு,

கர்த்தர் உனக்கு நல்ல உடம்பையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும். இரண்டாவதுதான் உனக்குக் கட்டாயம் வேண்டும்.

அரைத் தாளில் இலக்கம் போட்டுப் பதில் எழுதியிருக்கிறாய். ஒன்று, இருபத்தெட்டு அங்குலம். இரண்டு, வலம். மூன்று, முழங்கால் சரியில்லை. நான்கு, எண்பது யார். இது என்ன, வருமான வரிப் படிவமா? ஆனாலும் நான் மூன்று முறை வாசித்தேன். கடைசியில், கூட்டாளிகள் பகிடி பண்ணுகிறார்கள், உன் நோர்வே ஆள் துவக்கைச் செய்தே அனுப்பப் போகிறானா என்று கேட்கிறார்கள் என்று ஒரு வரி. மிதுனாவைப் பற்றி ஒன்றுமில்லை. அவள் என்ன படிக்கிறாள், சமையல் யார், ஒன்றும் எழுதவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த செய்தியையே நீ எனக்கு எழுதவில்லை, மற்றவர்கள் சொல்லித்தானே அறிந்தேன்.

உனக்காகப் போன சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோமுக்கு ரயில் ஏறிப் போனேன். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். கரிமருந்துத் துவக்குக்காரர்களுக்கு அங்கே ஒரு சங்கம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிழவர்கள், தொப்பி, தாடி, எல்லாருடைய விரல்களும் கறுப்பு. தூர்பியோன் என்று ஒருவர், எழுபது வயதிருக்கும், அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த இன்லைன் இரண்டு வைத்திருக்கிறார். ஒரு தமிழன் கனடாவில் இருக்கிற இன்னொரு தமிழனுக்குத் துவக்குப் பார்க்க வந்திருக்கிறான் என்றதும் அந்தக் கிழவருக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. கோப்பி தந்தார், தான் செய்த கேக் தந்தார், மாலைவரைக்கும் என்னை விடவில்லை. ஒட்வாரின் காட்டுக்கு வெளியே ஒரு மனிதரோடு அவ்வளவு நேரம் நான் கதைத்து எவ்வளவு காலமோ தெரியாது.

அவரிடம் இருப்பது இரண்டு வகை. ஒன்று றைபிள் மாதிரிப் பின்பக்கத்தை இழுத்துத் திறப்பது. மற்றது சொட்கன் மாதிரி நடுவில் முறித்துத் திறப்பது. இரண்டும் ஐம்பது காலிபர், இரண்டும் சொட்கன் கேப்பில் வெடிக்கும், எண்பது யாருக்கு இரண்டும் தாராளம். சன்னத்துக்கு, அதுதான் குண்டுக்கு, ஒரு பிளாஸ்டிக் சட்டை போட்டுத்தான் உள்ளே இடிக்கிறார்கள். மருந்து இப்போது வில்லை வில்லையாக வருகிறது, பனடோல் போல எண்ணிப் போடலாம். கரிமருந்து துருப்பிடிக்க வைக்கும் சனியன், அதனால் சுட்ட அன்றைக்கே கழுவ வேண்டும். முறிப்பதில் பின் அடைப்பைக் கழற்றினால் குழல் இரண்டு பக்கமும் திறந்த குழாய். நின்றபடி குசினித் தொட்டியில் கழுவலாம். இழுப்பதில் சின்னச் சின்னச் சாமான்கள் கனக்க.

அங்கே சிரிக்கிற மாதிரி ஒரு முசுப்பாத்தியும் நடந்தது. நான் முதல்முறை மருந்து போடப் போனபோது தூர்பியோன் பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். ஏன் என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீ அதை வாசித்துவிட்டு மற்றதை வாசிக்கமாட்டாய்.

எதை வாங்குவதென்று சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னர் உன் கண்ணைச் சோதித்து அந்தச் சீட்டில் இருப்பதை எழுது, தொலைநோக்கிக்கு வேண்டும். உன் தோள் எவ்வளவு உதை தாங்கும் என்றும் எழுது. மான் வருகிற இடத்தில் என்ன மரங்கள், சோளத் தோட்டமா காடா என்பதையும் எழுது. இவ்வளவும் தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போக நான் என்ன தரகனா?

வீட்டில் விசேசமாக ஒன்றுமில்லை. போன வருடத்து எல்க் இறைச்சி உறைபெட்டியில் அரைவாசி கிடக்கிறது. கறி வைத்தால் மூன்று நாளைக்கு அதையே சாப்பிடுகிறேன். அருள்ராணிக்கு லண்டன் கோயிலில் நல்ல சினேகிதங்கள் கிடைத்துவிட்டதாம். பேரப்பிள்ளை அவளை விட்டு இருக்காதாம். நத்தாருக்குக் குளிர் கூட என்று யோசிக்கிறாள், உயிர்த்த ஞாயிறுக்கு வரக்கூடும்.

தபாற்பெட்டியைத் திறந்தால் எனக்கு விளம்பரக் கடதாசிதான் வழக்கமாய்க் கிடக்கும். ஓகஸ்ட் தொடக்கம் வேலை முடிந்து வரும்போது கீழ்வாசலில் கொஞ்சம் கெதியாய் நடக்கிறேன். உன்னால்தான்.

ஒக்ரோபரில் நானும் காட்டுக்குப் போவேன். அதற்கு முன்னர் உன் பதில் வரட்டும். அதுவரைக்கும் எதையும் வாங்கிவிடாதே, மன்றாட்டமாய்க் கேட்கிறேன்.

அன்புடன்,
செபஸ்ரியன்


புருசெத்
29.10.2006, ஞாயிறு

மச்சான்,

உன் தலைக்கு ஒரு முடி குறையாமல் காத்த ஆண்டவருக்குத் தோத்திரம். இன்றைக்குப் பூசையில் முழங்காலில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

நேற்று நடந்ததில் உன் பக்கம் உனக்குத் தெரியும். என் பக்கத்தைக் கேள்.

ஒரு கிழமை காட்டில் நின்றுவிட்டு நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் உன் கடிதம். எத்தனை நாளாய்க் கிடந்ததோ தெரியாது. சந்தோசத்தில் சப்பாத்தைக் கழற்றாமலே பிரித்தேன். நீ எழுதியிருந்தாய்: உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் மான் கிழடாகிச் செத்துவிடும். நவம்பர் ஆறாம் திகதி வேட்டை. வேலையிடத்தில் ஒருவன் தன் பழைய இன்லைனைத் தந்துவிட்டான், விளக்கப் புத்தகம் இல்லை. சொட்கன் தோட்டா நிரப்புகிற மருந்திலும் ஒரு பேணி தந்தான், கறுப்பாய்த்தான் இருக்கிறது. அளவு எனக்குத் தெரியாதா, நாலு விரல். இருபத்தெட்டாம் திகதி சனிக்கிழமை காலை சுட்டுப் பார்க்கிறேன்.

அந்தத் திகதியை இன்னொரு முறை பார்த்தேன். அந்தச் சனி நேற்று. எனக்குப் பின்னேரம் நாலு மணி என்றால் உனக்குக் காலை பத்து.

நாலு விரல்! மருந்தும் சன்னமும் போட்டு இடித்த பிறகு இடிக்கிற தண்டு குழல்வாய்க்கு வெளியே நாலு விரல் நின்றால் அளவு சரி. இடியனுக்கு அந்தக் கணக்கை உனக்கும் எனக்கும் யாரும் படிப்பிக்கவில்லை, பார்த்துப் பழகியது. லில்லெஸ்ட்ரோமில் தூர்பியோன் என் கையைத் தட்டிவிட்டதும் அதற்குத்தான். நானும் அளவுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் தண்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னார், இது கரிமருந்துக்கும் அதற்கென்று செய்த வில்லைக்கும் மட்டுமான துவக்கு, அதுவும் புத்தகத்தில் போட்ட அளவு, தோட்டா மருந்தை இதற்குள் போட்டால் குழல் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் என்று. கறுப்பாய் இருப்பதெல்லாம் கரிமருந்து இல்லை மச்சான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நீ எதைப் போடுகிறாய் என்றே பார்க்கவில்லை.

இதை நான் போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். முசுப்பாத்தி என்று சொல்லி அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டேன்.

உன் முதல் கடிதத்தில் அடியில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மிதுனா எடுத்தாள். அப்பா எங்கே என்று கேட்டேன். "அங்கிள், அப்பா இப்பத்தான் வெளிக்கிட்டவர், சுட்டுப் பாக்கிற இடத்துக்கு" என்றாள். ஓடிப் போ பிள்ளை, துவக்கில் கை வைக்க விடாதே, குழல் வெடிக்கும் என்று கத்தினேன். மற்றவர்களுடைய இலக்கம் ஒன்றும் தன்னிடம் இல்லை, காரில் இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று சொன்னாள். வைக்கும்போது ஒன்று சொன்னாள். "அவையள் காட்டித்தாறம் எண்டு எத்தினை தரம் கேட்டவை அங்கிள். செபஸ்ரி எழுதுவான், அவன் சொன்னால்தான் சரி எண்டு அப்பா ஒருத்தரையும் விடேல்லை" என்றாள்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன். குசினியில் தொலைபேசிக்குப் பக்கத்தில் வேட்டைச் சப்பாத்தோடு நின்றேன். கதிரை இருந்தது, இருக்க முடியவில்லை. அருள்ராணிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, ஆனால் இணைப்பு வெற்றாக இருக்க வேண்டுமே. கீழே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன், எனக்கு வந்தது தொண்ணூற்றிரண்டாம் வருடத்து முகம். இப்போது உனக்குத் தலைமயிர் இருக்கிறதா, கண்ணாடி போடுகிறாயா, ஒன்றும் தெரியாது. யாருக்காகப் பயப்படுகிறேன் என்றே தெரியாமல் அவ்வளவு பயந்தேன். ஒரு நாள் முழுக்க மரத்துக்குக் கீழே தனியே இருந்தும் நான் நேற்றுப்போல் தனியாய் இருந்ததில்லை.

பிறகு மணி அடித்தது. பதினாலு வருடத்துக்குப் பிறகு உன் குரல். "டேய் செபஸ்ரி, என்னடா விசர்வேலை! பெட்டை காரைக் குறுக்கை விட்டிட்டு ஓடி வாறாள்! மருந்து போட்டு இடிச்சுப் போட்டன், கேப்தான் இன்னும் வைக்கேல்லை!" என்று கத்தினாய். கேப் ஒன்றுதான் பாக்கி. நான் கதைக்கத் தொடங்கினேன். "கேக்குதில்லை, கேக்குதில்லை, எழுதடா, எழுது" என்றுவிட்டுப் போனை மிதுனாவிடம் கொடுத்துவிட்டாய். குழல்வாயை மண்மேட்டுப் பக்கம் பிடித்து, துவக்குத் திருத்துகிற ஆளை அங்கேயே கூப்பிட்டுக் கழற்றச் சொல் என்று அவளிடம் சொன்னேன். அப்படியே செய்ததாகப் பிறகு எடுத்துச் சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளை.

இனி உன் கேள்விக்குப் பதில். முறித்துத் திறக்கிற வகை. ஐம்பது காலிபர், துருப்பிடிக்காத குழல், பின் அடைப்பு கையாலேயே கழற்றக்கூடியது. உன் முழங்காலுக்கும் எண்பது யாருக்கும் அதைவிட வேறொன்றும் வேண்டாம். கடையில் புதிதாக, விளக்கப் புத்தகத்தோடு வாங்கு. அந்தப் புத்தகம் சொல்கிற வில்லையைத்தான் வாங்க வேண்டும், எண்ணிக்கையும் அது சொல்கிறதுதான், ஒன்றுகூடக் கூடாது. இன்றைக்கே தபாற்பெட்டியில் போட்டாலும் இது ஆறாம் திகதிக்கு முன்னர் உன் கையில் கிடைக்காது என்பதால் இதெல்லாவற்றையும் தொலைபேசியில் மிதுனாவுக்கும் சொல்லி எழுதுவித்தேன். உன் கூட்டாளிகள் காட்டித்தருவது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அவர்கள் சொல்வதைக் கேள், என்னைப் பார்த்து நிற்காதே.

தொலைபேசியில் நான் சொன்னதும் உனக்குக் கேட்காமல் போனதும் இதுதான். எந்தத் துவக்கு என்று எனக்கு செப்ரெம்பரிலேயே தெரியும் மச்சான். தூர்பியோன் முதல் கோப்பி ஊற்றும்போதே தெரியும். கை நீளமும் தோளும் கண்ணும் மரமும், ஒன்றும் தேவையில்லை. பதில் சொல்லிவிட்டால் உனக்கு எழுதக் காரணம் இருக்காது என்று பயந்தேன். அரைத் தாளுக்காக உன் முகத்தை அடகு வைத்தேன். மன்னித்துக்கொள் என்று உன் நல்ல காதுக்குத்தான் சொன்னேன், அதற்குள் நீ போனைக் கொடுத்துவிட்டாய்.

இன்னொன்று. அருள்ராணி நத்தாருக்கும் வரமாட்டாள், உயிர்த்த ஞாயிறுக்கும் வரமாட்டாள். போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் தன் குளிர்ச் சட்டைகளையும் அனுப்பச் சொன்னாள், பொதி கட்டி அனுப்பினேன். கோபம் ஒன்றும் இல்லை, அவளுக்கு அங்கே நல்லாயிருக்கிறது. இதை நான் இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்கு எழுதும்போதும் இரண்டு முறை பொய்தான் எழுதினேன்.

மாதா உன்னோடு காட்டுக்கு வரட்டும். உன் கண்ணும் கையும் பத்திரமாய் இருக்கட்டும், மிதுனா நல்ல இடத்தில் வாழட்டும், மான் விழுந்தாலும் விழாவிட்டாலும் நீ சிரித்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இனி என்னிடம் கேட்க உனக்கு ஒரு கேள்வியும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். எழுத ஒன்றும் இல்லையென்றால் வெறும் தாளை மடித்து உறையில் போட்டு, என் பெயரை மட்டும் உன் கையால் எழுதி அனுப்பு மச்சான்.

என்றும் உன்,
செபஸ்ரியன்